பிறந்த இடம் என்ற கட்டம்

எங்கள் கல்லூரியில் படித்து வெளியேறியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று எழுதி வைப்பது பல வருடங்களாக என் வேலையாக இருந்தது. நான் அங்கே எட்டாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்து நன்றாக இருந்ததால் அலுவலகத்தில் எழுத்தராக வைத்துக்கொண்டார்கள். ஆட்களோடு பேசுகிற வேலை எனக்கு ஒத்துவராது. அலுவலகச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. வருகிறவர்கள் வெளியே நின்று கேட்பார்கள். நான் உள்ளே இருந்து, தலையைத் தூக்காமல் எழுதி நீட்டுவேன். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே, வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டிய கருங்கல் கட்டடம் அது. சுற்றுவட்டாரத்தில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும். அதனால் இங்கே படித்தவர்களுக்குத் தங்களைப் பற்றி ஒரு எண்ணம் உண்டு. பழைய மாணவர் புத்தகம் என்று ஒன்று வைத்திருந்தோம். பெயர், வகுப்பு, இப்போது பார்க்கும் உத்தியோகம், இவ்வளவுதான். கடிதம் போட்டுக் கேட்டு வருடா வருடம் புதுப்பிப்பேன்.

அந்தப் புத்தகத்தை எழுதியதில் மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். ஒருவர் டாக்டரானார். தன் தகப்பன் பெயரை வேறு மாதிரி எழுதச் சொல்லிக் கடிதம் போட்டார், காரணம் சொல்லவில்லை. ஒருவர் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கர் ஆனார். அதே தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய அவருடைய அண்ணன் அவர் வீட்டுக்குப் போனால் குசினி வாசலில்தான் நிற்க வேண்டும் என்று அண்ணனே என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒருவர் பதில் போடுவதை நிறுத்தியிருந்தார். விசாரித்தால், மூன்று வருடத்துக்கு முன்பே தூக்குப்போட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள். அவருடைய உத்தியோகத்தை நான் மூன்று வருடமும் அப்படியே பிரதி எடுத்திருந்தேன்.

வருடத்துக்கு ஒரு முறை பழைய மாணவர் விருந்து நடக்கும். நாற்காலிகளை நான்தான் போடுவேன். முதல் வரிசைக்குக் கைவைத்த நாற்காலி. அதில் டாக்டர், கோர்ட்டு வக்கீலான புரொக்டர், அரசாங்கத்தில் பெரிய உத்தியோகக்காரர்கள். இரண்டாம் வரிசைக்குக் கையில்லாத நாற்காலி. அதில் ஆசிரியர்கள், கிளாக்கர்மார். அதற்குப் பின்னால் நீளப் பலகை வாங்குகள். யாரும் இப்படிப் போடு என்று எழுதித் தரவில்லை. ஒரு முறை மாற்றிப் போட்டேன். ஆட்களே தூக்கி மாற்றிக்கொண்டார்கள்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் அந்த இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தவன். அவனைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அவன் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்தவன். அவனுடைய தகப்பனார் ஒரு சின்னக் கூட்டத்தை வேலை வாங்கும் சில்லறைக் கங்காணி. நானும் அவனும் ஒரே நாளில்தான் கல்லூரியில் சேர்ந்தோம். என் அப்பா ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவில் சமையல்காரர். எங்கள் குடும்பம் வேதத்தில் சேர்ந்த குடும்பம், அதனால் என்னைச் சேர்க்கப் பாதிரியாரே கூட வந்தார். பிறந்த இடம் எது என்று அப்போதிருந்த எழுத்தர் கேட்டபோது என் அப்பா வாயைத் திறக்குமுன், ஞானஸ்நானம் கொடுத்த தோட்டத்தின் பெயரைப் பாதிரியார் சொல்லிவிட்டார். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அடுத்து அவன். அவனுடைய தகப்பனார் வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு, கோட்டுக் கழுத்தில் பின்னால் மாட்டிய குடை. பையன் பிறந்த இடம் என்று கேட்டதும், இந்தியாவில் முசிறிப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். எழுத்தருக்கு விஷயம் தெரியும். "பூர்வீகத்தைக் கேக்கல கங்காணி, இவன் எங்க பொறந்தான்னு கேக்குறேன்" என்றார்.

கங்காணி குரலைத் தாழ்த்தவில்லை. "லயத்துல பொறந்தான்னு எழுதி வச்சா நாளைக்கு நாலு பேரு மதிப்பானா? எங்களுக்கு அங்க காணி இருக்கு, குலசாமி இருக்கு. நான் சொல்றத எழுதுங்க ஐயா."

எழுத்தர் சிரித்துக்கொண்டே அந்தக் கட்டத்தில் முசிறிப் பக்கத்துக் கிராமத்தை எழுதினார். அந்தக் காலத்துச் சேர்வுப் பதிவேட்டைப் பார்த்தால் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் திருச்சியிலும் சேலத்திலும் பிறந்தவர்களாக இருப்பார்கள். அத்தனை பேரும் இந்த மலையில் பிறந்தவர்கள். பிள்ளை லயத்தில் பிறந்தான் என்று காகிதத்தில் பார்க்க எந்தத் தகப்பனுக்கும் மனம் வரவில்லை.

அவன் கெட்டிக்காரன். நான் எட்டாம் வகுப்பில் நின்றபோது அவன் மேலே போனான், சோதனை பாஸ் பண்ணினான், தபால் கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்தது. முதல் விருந்துக்கு வந்தபோது அவனுடைய தாயாரும் கூட வந்தார். மண்டபத்துக்குள் வரவில்லை. வெளியே மழைத் தூறலில் தலையில் முக்காட்டோடு நின்று, மகன் எந்த நாற்காலியில் உட்காருகிறான் என்று கதவு வழியாகப் பார்த்துவிட்டு, அது ஏன் கையில்லாத நாற்காலி என்று என்னிடம் வந்து கேட்டார். இரண்டாம் வரிசைக்கு அதுதான் அம்மா என்றேன். சரி தம்பி என்று திருப்தியாகப் போனார்.

சுதந்திரம் வந்த பிறகு பிரஜாவுரிமைச் சட்டங்கள் வந்தன. தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்றாயிற்று. இந்த நாட்டில்தான் இருந்தோம், இங்கேயே இருப்போம் என்று நிரூபிக்கக்கூடியவர்கள் மனுப் போடலாம், விசாரணை நடக்கும். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாவிட்டால் வேலை நிலைக்காது. என் ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் கூடினார்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான், பள்ளிப் பதிவேட்டின் பிரதி.

எனக்கு ஞானஸ்நானப் பதிவு இருந்தது. என் மனு ஒரே விசாரணையில் முடிந்தது. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அவனும் வந்தான். மனுவில், பிறந்த இடம் தோட்டம் என்று உண்மையை எழுதியிருந்தான். பிறப்புப் பதிவு இல்லை. அந்தக் காலத்தில் லயத்தில் பிறந்த பிள்ளையைப் பதிவது தோட்டத்து மருந்துக்காரர் மனம் வைத்தால் நடக்கிற காரியம். இனிப் பள்ளிப் பிரதிதான். அதைக் கொடுத்தால் மனுவில் ஒரு ஊர், பிரதியில் ஒரு ஊர். பொய் மனு என்று தள்ளிவிடுவார்கள்.

அவன் பதற்றமில்லாமல்தான் கேட்டான். பிரதி வேண்டாம், இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை இங்கே படித்தான் என்று அதிபர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றான். அதில் பிறந்த இடம் வராது. அப்படி ஒரு கடிதம் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்திருந்தோம். அவர் எங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர், ஒரு பெரிய கங்காணியின் மகன், அரசாங்க அலுவலகமான கச்சேரியில் மொழிபெயர்ப்பாளர். பதிவேட்டில் அவரும் இந்தியாவில் பிறந்தவர்தான். பழைய மாணவர் சங்கத் தலைவராக இருந்த புரொக்டர் அதிபரிடம் ஒரு வார்த்தை சொன்னார், கடிதம் அன்றைக்கே கையெழுத்தாயிற்று.

அதிபர் யாழ்ப்பாணத்தவர், கண்டிப்பானவர். நான் போய்க் கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமல், "ஒருத்தருக்குக் குடுத்தது பிழை. இனி ஊரெல்லாம் வந்து நிக்கும். புத்தகத்திலை இருக்கிறதை அப்பிடியே எழுதிக் குடும்" என்றார்.

புரொக்டரிடம் அவனே போனான். அவர் வாசலில் நின்றபடி நாலு பேர் கேட்கச் சொன்ன பதிலை அவன் எனக்குச் சொன்னான். "ஒங்கப்பன் முசிறி ஜமீன்தார்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்கான். நீ ஜமீனுக்குப் போய்ச் சேருடா. இங்க என்னத்துக்கு முத்திரை குத்திக்கிட்டு?" நாலு பேரும் சிரித்தார்களாம். அவனும் சிரித்ததாகச் சொன்னான்.

பிறகு ஜன்னலுக்கு உள்ளே தலையை நீட்டி, மெதுவாக, ஒன்று சொன்னான். "அதிபர் கையெழுத்துப் போடுற கட்டுல நீ வச்சா அவர் படிக்கிறதே இல்லன்னு நீதானடா சொல்லியிருக்க."

நான் சொல்லியிருந்தேன்தான். மறுநாள் வா என்றேன். அன்று மாலை அந்தக் கடிதத்தை எழுதினேன். என் எழுத்திலேயே அதுதான் நல்ல எழுத்து என்று நினைக்கிறேன். காலையில் கையெழுத்துக் கட்டின் நடுவில் வைத்தேன். அதிபர் பேனாவைத் திறந்தார். நான் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் மூன்றாவது காகிதத்துக்கு வந்தபோது, ஒரு காகிதம் தவறி வந்துவிட்டது என்று சொல்லி உருவி எடுத்துக்கொண்டேன். அவர் என்ன ஏது என்று கேட்கக்கூட இல்லை. இரண்டு நாள் அவனை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அனுப்பினேன். மூன்றாம் நாள் பதிவேட்டுப் பிரதியை, முசிறிப் பக்கத்துக் கிராமத்தோடு, நீட்டினேன். அவன் வாங்கிப் படித்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

விசாரணைக்குச் சேர்வுப் பதிவேட்டையே கொண்டுவர வேண்டும் என்று கடிதம் வந்தது. அதிபர் என்னை அனுப்பினார். புறப்படுமுன் கூப்பிட்டு, "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். ஒரு கட்டம் பிழை எண்டால் முழுப் புத்தகமும் பிழை எண்டாகும். பிறகு இந்தக் கல்லூரிப் பத்திரத்தை ஆர் நம்பப் போறான்?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பதிவேட்டை ஒயில் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நுவரெலியா பஸ்ஸில் உட்கார்ந்தேன். அவனும் அதே பஸ்ஸில் இருந்தான். தலவாக்கலையில் அவனுடைய தாயார் ஏறினார். அக்கரப்பத்தனையிலிருந்து காலையிலேயே வந்து காத்திருந்தாராம். வெள்ளைச் சேலை. என்னைப் பார்த்ததும், "நீங்களும் சாட்சிக்கு வாறீங்களா தம்பி, நல்லதாப் போச்சு" என்றார். லயத்தில் பிறந்தான் என்று சொல்ல அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. பிரசவம் பார்த்த கிழவி இறந்திருந்தார். அவன் வழியெல்லாம் தாயாருக்குச் சொல்லிக்கொண்டே வந்தான், பயப்படாதே, கேட்டதைச் சொல், நடந்ததை நடந்தபடி சொல். நடந்ததைச் சொல்ல எனக்கென்ன பயம் என்றார் அவர்.

கச்சேரிக் கட்டடத்தில் ஒரு நீளமான அறை. விசாரணை அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தது அந்தக் கடிதம் வாங்கிய பழைய மாணவர். எங்களை அவருக்கு நன்றாகத் தெரியும். யாரோ போலப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பிரித்தபோது அவருடைய கண் என் விரலைவிட்டு நகரவில்லை. அவருடைய பெயர் சில பக்கங்களுக்கு முன்னால் இருந்தது. அந்தப் பக்கங்களை நான் சேர்த்துப் பிடித்து ஒரேயடியாகப் புரட்டினேன். அவர் மூச்சு விட்டார்.

மகன் எங்கே பிறந்தான் என்று தாயாரைக் கேட்டார்கள். அவர் கைகட்டி நின்று, தெளிவாகச் சொன்னார். "ஆறாம் நம்பர் லயத்துலங்க, கடேசிக் காம்பரா. காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்கு நின்னேன், கொழுந்துக்கும் போனேன். மத்தியானத்துக்கு முன்ன வலி எடுத்துருச்சு. மழைங்க. மருந்துக்காரரு வரல."

அதிகாரி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தாயாரைப் பார்த்தார்.

"ஒங்க வீட்டுக்காரரு இந்தப் புத்தகத்துல இந்தியாவுல பொறந்தான்னு சொல்லியிருக்காரு. அவரு சொன்னது பொய்யா?"

"அவரு செத்து ஒம்பது வருசமாச்சுங்க."

"அதக் கேக்கல. பொய் சொன்னாரா, இல்லையா?"

அவர் மகனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல் என்று மட்டும்தான் மகன் சொல்லிக் கொடுத்திருந்தான், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் சனத்தில் பெண்கள் புருஷன் பெயரையே சொல்ல மாட்டார்கள். செத்துப்போனவரை ஒரு சபையில் பொய்யன் என்று எப்படிச் சொல்வார்?

"எங்க வீட்டுக்காரரு பொய் சொல்றவரு இல்லீங்க" என்றார். "அத்தன பேரு நிக்கிற பெரட்டுல, அவரு ஒரு வார்த்த சொன்னாத் தொரை மறுவார்த்த கேக்க மாட்டாரு."

மொழிபெயர்ப்பாளர் முதல் வாக்கியத்தை மட்டும் அதிகாரிக்குச் சொன்னார். அப்படியானால் நீ பொய் சொல்கிறாயா என்று அதிகாரி கேட்டார். நானும் சொல்லலீங்க என்றார் தாயார். அதிகாரி புன்னகை செய்துகொண்டே எழுதினார்.

பிறகு என் முறை. இந்தப் பதிவு கல்லூரியுடையதுதானா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். சரியான பதிவா என்றார்கள். பதிவேட்டில் உள்ளபடி சரி என்றேன். "இதப் பத்தி வேற ஏதாச்சும் சொல்லணுமா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். கேட்கும்போது அவர் பார்வை புத்தகத்தின் மேல் இருந்தது.

அந்தக் கங்காணி குடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றதையும், எழுத்தர் சிரித்துக்கொண்டே எழுதியதையும் நேரில் பார்த்தவன், அவனைத் தவிர, அந்த அறையில் நான் ஒருவன்தான். நாலு வாக்கியம் போதும். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாயாரும் பார்த்தார். இல்லை என்றேன். எனக்கு எப்போதும் பேச வராது என்று பிறகு எத்தனையோ முறை எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அந்த ஒரு சொல் மட்டும் திக்காமல் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். பஸ் நானுஓயாவைத் தாண்டியது. பிறகு தாயார் கேட்டார். "நல்லாச் சொன்னேனா?"

"நல்லாச் சொன்ன ஆத்தா" என்றான் அவன்.

"ஒங்கப்பாவையே பொய்யனாக்கப் பாத்தாங்க. விடுவனா நான்."

"விடல ஆத்தா."

தலவாக்கலையில் அவர் இறங்கினார். போய்வருகிறேன் தம்பி என்று எனக்கும் சொன்னார்.

மனு தள்ளுபடியானது. பிறகு சில மாதங்களில் தபால் கந்தோர் வேலையும் போயிற்று. தோட்டத்துக்குத் திரும்பினான், கூலி ஆட்களின் பதிவான செக்ரோலில் பெயர் போட மாட்டோம் என்றார்கள், இத்தனை படித்தவனை மலையில் நிறுத்தி யார் மேய்ப்பது என்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கேட்டாராம். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை ராகலைப் பக்கம் வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். கடைசியில் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு கடையின் முன்னால், சின்ன மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தான். அதிகமும் பிரஜாவுரிமை மனுக்கள். நன்றாக எழுதுவான். பள்ளிப் பதிவில் ஊர் மாறி இருந்தால் எந்த மாதிரி விளக்கம் எழுத வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் எழுதிய மனுக்களில் சில வென்றன.

அதற்கு அடுத்த விருந்துக்கும் வந்தான். நான் அவனைப் பார்த்துவிட்டு இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவிட்டேன். அவன் உட்கார்ந்த பிறகு எழுந்து நிற்க வேண்டி வரக்கூடாது என்றுதான். நாற்காலி இருந்தால் உட்காருவான், உட்கார்ந்தால் யாராவது எழுப்புவார்கள். இப்போது எழுதும்போது அந்தக் காரணம் எனக்கே சரியாகப் படவில்லை. அவன் எண்ணிப் பார்த்தான். வாங்கில்கூட உட்காராமல் போய்விட்டான். பிறகு வரவில்லை.

சில வருடம் கழித்துக் கல்லூரி விழாவுக்குச் சிறப்பு மலர் போட்டார்கள். பழைய மாணவர் புத்தகத்தை அப்படியே அதில் அச்சடிப்பதென்று முடிவு. அவனுக்கு என்ன போடுவது என்று தெரியாமல் அவன் மேசைக்கே போய்க் கேட்டேன். அவன் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தான்.

"நீயே எழுதிக்க" என்றான். "ஒன் எழுத்துத்தான் அழகா இருக்குமே."

கட்டத்தைக் காலியாக விட்டு அச்சுக்குக் கொடுத்தேன். காலியாக விட்டால் அசிங்கமாக இருக்கிறது என்று புரொக்டர் தன் பேனாவால் "தகவல் இல்லை" என்று எழுதினார். மனு எழுதுகிறவன் என்று போட்டால் கல்லூரிக்கு மரியாதை இல்லையாம். அச்சகத்துப் படியில் நின்றால் அவனுடைய மேசை தெரியும்.

மலர் வந்த மாதத்தில் ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே அவனுடைய தாயார் நின்றார். மெலிந்திருந்தார். கல்லூரியில் படித்த எல்லாரையும் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிறதாமே, என் மகனைப் பற்றி என்ன போட்டிருக்கிறது, வாசிங்க தம்பி என்றார். மகனிடம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறானாம்.

பக்கத்தை எடுத்தேன். அந்த இரண்டு சொல்லைப் பார்த்தேன். பிறகு, தபால் கந்தோரில் கிளாக்கர் என்று வாசித்தேன். என் வாழ்க்கையில் யாருக்காகவாவது துணிந்து நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவர் முகம் மாறிவிட்டது. "அந்த உத்தியோகந்தான் போயிருச்சே தம்பி."

பழைய விவரம் அம்மா, பரவாயில்லை என்றேன்.

"பரவாயில்லன்னா? இல்லாத உத்தியோகத்த இருக்குன்னு எழுதுனா, நாளைக்கு எம் மவன்தானே பொய் சொல்லிக் குடுத்தான்னு சொல்லுவாங்க? எங்க குடும்பத்துல பொய்ப் பேரு இல்ல. அத அடிச்சிருங்க."

இத்தனை புத்தகத்தில் அச்சாகிவிட்டது, ஒன்றில் அடித்து என்ன ஆகப் போகிறது என்றேன். அவர் நகரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பேனாவை எடுத்து, "தகவல் இல்லை" என்பதன் மேல் கோடு போட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் நல்லா அடிங்க தம்பி. எழுத்து தெரியுது."

இன்னொரு முறை அடித்தேன்.